வானத்திலிருந்து வரும் கந்தகம்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை கூடும் இயற்கை உழவர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: “பேங்க் சார், உரக்கடையில யூரியா கோல்டுன்னு ஒரு மூட்டை வருதாமே, அதுல கந்தகம் சேர்த்திருக்காங்களாம். அப்ப நம்ம மண்ணுல கந்தகம் பத்தலைன்னுதானே அர்த்தம்? நாம அதுக்கு என்ன பண்றோம்?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் விடவில்லை. “அதெல்லாம் மழையில வந்துரும் தம்பி. எங்கப்பா காலத்துல யாரு கந்தகம் வாங்கிப் போட்டா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. யூரியா கோல்டு என்பது கந்தகம் பூசிய யூரியா. 37 சதவீதம் தழைச்சத்து, 17 சதவீதம் கந்தகம். 2023 ஜூலை 27 அன்று ராஜஸ்தான் மாநிலம் சிகரில் பிரதமர் அதை அறிமுகப்படுத்தினார். நாட்டின் மண்ணில் கந்தகப் பற்றாக்குறை இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டு, அதையும் யூரியாவின் முதுகிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறது. நமக்கு அந்த மூட்டை வேண்டாம். ஆனால் தம்பியின் கேள்வி வேண்டும். பெரியவர் சொன்ன மழைக் கந்தகமும் கட்டுக்கதை இல்லை. அது எங்கிருந்து கிளம்புகிறது, ஆகாயத்தில் என்னவாக உடைகிறது, நம் ஏக்கருக்கு எத்தனை கிலோவாக வந்து இறங்குகிறது என்று பார்த்தால்தான் “மழையில வந்துரும்” என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். வரவுன்னு யாராவது சொன்னால் எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்காமல் இருக்க முடியாது.

வெள்ளைப் பாறையில் என்ன இருக்கிறது?

முதலில் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருவெள்ளறை என்ற பெயரே வெண்மையான பாறை என்பதிலிருந்து வந்தது. புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் அந்தப் பாறைக் குன்றின் மேல்தான் நிற்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திக் வடிவக் கிணற்றைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நான் பார்ப்பது பாறையை. இந்த மாதிரிக் கடினப் பாறை உடைந்து வரும் செம்மண்ணில் சாம்பல் சத்து ஓரளவு இருக்கும், இரும்பு இருக்கும். கந்தகம் மிக மிகக் கொஞ்சம்.

இதே திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போய் ஊட்டத்தூர், காரை பக்கம் ஒதுங்கினால் கதை வேறு. அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. களிமண் மேட்டில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் பளபளக்கும். ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்தது. அந்த மண்ணுக்குக் கந்தகம் பூமியிலேயே வைப்பு நிதியாக இருக்கிறது. எங்களுக்கு அப்படி இல்லை. இங்கே கந்தகம் மண்ணுக்கு வர வழி மூன்றுதான்: வானம், பாசன நீர், நாம் போடும் எருவும் தழையும். வந்த பிறகும் அது சல்பேட்டாக இருந்தால் மணற்பாங்கான செம்மண் பிடித்துவைக்காது, மழையோடு கீழே இறங்கிவிடும். மேல்மண்ணில் தங்கியிருக்கும் கந்தகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மட்கிலும் நுண்ணுயிர் உடம்பிலும்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடந்த கந்தகம்

உலகம் முழுவதும் ஆறுகள் கந்தகத்தை சல்பேட்டாகக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. நம் கொள்ளிடமும் அதைத்தான் செய்கிறது. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உதைத்தது. பாறை கரைந்து வருவதையும் மனிதர் சேர்ப்பதையும் கூட்டினாலும், ஆறுகள் கொண்டுபோகும் அளவுக்கு எட்டவில்லை. அப்படியென்றால் கடலுக்குப் போன கந்தகம் எப்படியோ நிலத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வங்கியில் இதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்போம். தொகை தெரியும், ஆள் தெரியாது.

அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் ஆள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆனால் ஆக்ஸிஜன் நிறைந்த திறந்த கடல் நீரில் அது நிலைக்காது. கடற்கரையில் முட்டை வாடையும் அடிப்பதில்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 1971–72இல் ஷேக்கில்டன் என்ற ஆராய்ச்சிக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அண்டார்டிகா வரைக்கும் போனார். கையில் அவரே உண்டாக்கிய கருவி. போகிற வழியெல்லாம் கடல்நீரில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு இருப்பதைக் கண்டார். 1972இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்கு ஆள் கிடைத்தது.

இது கடலின் நுண்பாசிகளிடமிருந்து வருகிறது. உப்பு நீரில் உடம்பு வற்றிப்போகாமல் இருக்க அவை கந்தகம் கலந்த ஒரு பொருளைத் தங்களுக்குள் சேர்த்துவைக்கின்றன. பாசி செத்தாலோ, அதைச் சின்ன உயிர்கள் தின்றாலோ அந்தப் பொருள் நீரில் கரைகிறது. பாக்டீரியா அதை உடைக்கும்போது டைமெத்தில் சல்ஃபைடு வருகிறது. முட்டைக்கோஸ் அதிகமாக வெந்துவிட்டால் சமையலறையில் ஒரு வாடை வருமே, அதில் இந்த வாயுவுக்குப் பெரிய பங்கு. நாகப்பட்டினம் கடற்கரையில் நின்றால் வரும் ‘கடல் வாசனை’யிலும் இது இருக்கிறது. உலகக் கடல்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் கந்தகத்தை இந்த வாயுவாக ஆகாயத்துக்கு அனுப்புகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இயற்கையாக வரும் கந்தகத்தில் இதுதான் பெரிய வரவு. எரிமலைகள் அதற்கு அடுத்தபடி. சதுப்பு, வயல், காடு எல்லாம் சேர்ந்தாலும் கடலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. நம் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் இந்த வாயுவை அளந்திருக்கிறார்கள்.

காற்றைக் கழுவும் ஒரு துண்டு

வாயுவாக மேலே போனதில் பெரும்பகுதியை இலையோ வேரோ அப்படியே எடுத்துக்கொள்ளாது (ஒரு விலக்கு உண்டு, வருகிறேன்). அது உடைந்து, ஆக்ஸிஜனோடு சேர்ந்து, சல்பேட்டாக மாற வேண்டும். காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறதே, அது உடைக்காதா என்றால் உடைக்காது. சாதாரண ஆக்ஸிஜன் இந்த வாயுக்களோடு சண்டைக்கே போவதில்லை. வேலையைச் செய்வது ஹைட்ராக்சில் என்ற ஒரு துண்டு.

தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட்டால் மிஞ்சுவது ஹைட்ராக்சில். ஒரு ஆக்ஸிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரான். ஜோடி தேடி எதன் மேலும் பாயும். பிறந்து ஒரு நொடிகூட உயிரோடு இருப்பதில்லை. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சராசரியாகப் பத்து லட்சம்தான் இருக்கும். அதே இடத்தில் மற்ற மூலக்கூறுகள் கோடி கோடி கோடியாக இருக்கின்றன என்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் காற்றில் சேரும் அழுக்கில் பெரும்பகுதியைக் கழுவுவது இதுதான். அதனால் இதை வாயுமண்டலத்தின் சோப்பு என்று சொல்கிறார்கள்.

இது உண்டாவதற்கு மூன்று பேர் வேண்டும்: கொஞ்சம் ஓசோன், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், காற்றில் ஈரம். கதிர் பட்டு ஓசோன் உடைகிறது. அதிலிருந்து தெறிக்கும் ஆக்ஸிஜன் அணு நீராவியோடு மோதினால் இரண்டு ஹைட்ராக்சில் கிடைக்கும். வெயிலும் ஈரமும் எங்கே அதிகம்? நம்மைப் போன்ற வெப்பமண்டல நாட்டில்தான். திருச்சி வெயிலைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் ஆகாயத்துச் சலவை வேலை உலகத்திலேயே வேகமாக நடப்பது இந்த மண்டலத்தில்தான்.

ஹைட்ராக்சில் எந்தக் கந்தக வாயுவை எவ்வளவு வேகத்தில் உடைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக அளந்து 1981இல் வெளியிட்டவர்களில் ஒருவர், மைசூர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஏ. ஆர். ரவிசங்கரா. அப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்துதான் ஒவ்வொரு வாயுவுக்கும் ஆகாயத்தில் ஆயுள் எவ்வளவு என்று கணக்கிட முடிந்தது. டைமெத்தில் சல்ஃபைடுக்கு ஏறத்தாழ ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு இரண்டு மூன்று நாள். இரவில் ஹைட்ராக்சில் கிடையாது, வெயில் இல்லையே. அப்போது நைட்ரேட் வகைத் துண்டு ஒன்று டியூட்டிக்கு வருகிறது. அது வெயில் பட்டால் சிதைந்துவிடும். அதனால் ராத்திரி ஷிஃப்ட் மட்டும்.

உடைவது ஒரே அடியில் இல்லை. டைமெத்தில் சல்ஃபைடில் ஹைட்ராக்சில் இரண்டு விதமாகக் கை வைக்கலாம். குளிர்ந்த பகுதியில் கந்தகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்வது அதிகம். அந்த வழியில் கடைசியில் மீத்தேன் சல்ஃபோனிக் அமிலம் வரும். அண்டார்டிகாப் பனியில் அது படிந்து கிடப்பதை வைத்துப் பழைய காலக் கடலைப் பற்றி ஆராய்கிறார்கள். நம் பக்கத்துச் சூடான காற்றில் ஒட்டுவதைவிட ஹைட்ரஜனைப் பிய்த்துக்கொண்டு போவது அதிகம். அந்த வழி பெரும்பாலும் சல்பர் டை ஆக்சைடு, அதாவது தீக்குச்சி உரசினால் மூக்கில் ஏறும் வாயுவில் போய் முடியும் என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்க நாசா விமானம் ஒன்று கடல்களுக்கு மேலே பறந்து எடுத்த அளவுகளிலிருந்து 2020இல் நடுவில் ஒரு புதுப் பொருள் தெரியவந்தது. ஹைட்ரோபெராக்ஸிமெத்தில் தயோஃபார்மேட். பெயரை விடுங்கள், வாயில் நுழையாது. ஐம்பது வருஷமாகப் படிக்கிற பாடத்தில் இன்னொரு படி இருந்தது யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பொருள் மேகத்துளிக்குள் மிகச் சுலபமாகக் கரைந்துவிடுகிறது.

சல்பர் டை ஆக்சைடும் மேகத்தைத்தான் விரும்பும். வெறும் காற்றில் ஹைட்ராக்சில் அதை சல்ஃப்யூரிக் அமிலமாக்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். மேகத்துளிக்குள் போய்விட்டால் அங்கே கரைந்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு (காயத்துக்குப் போட்டால் நுரைக்குமே, அதே மருந்து) சீக்கிரமே வேலையை முடித்துவிடும்.

மாட்டுக்கொட்டிலும் மேகமும்

சல்ஃப்யூரிக் அமிலம் என்றதும் பயிர் கருகாதா என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் அமில மழை பெரிய பிரச்சினையாக இருந்தது உண்மை. நம் நாட்டில் காற்றில் பறக்கும் சுண்ணாம்பு கலந்த புழுதியும் அம்மோனியாவும் அந்த அமிலத்தைப் பெருமளவு தணித்துவிடுகின்றன. அம்மோனியா எங்கிருந்து? மாட்டு மூத்திரம், எருக்குழி, யூரியா போட்ட வயல். கடலிலிருந்து வந்த கந்தக அமிலமும் கொட்டிலிலிருந்து போன அம்மோனியாவும் ஆகாயத்தில் சேர்ந்தால் கிடைப்பது அமோனியம் சல்பேட். அந்தக் காலத்தில் மூட்டையில் வாங்கிப் போட்ட அதே உப்பு, கண்ணுக்குத் தெரியாத தூளாக மேலே மிதக்கிறது. ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. மேகத்துளி உருவாக ஒரு தூள் வேண்டும். அந்த வேலையையும் இது செய்கிறது. கடல்பாசி தன் கந்தகத்தால் மேகத்தைப் பெருக்கி, வெயிலைக் குறைத்து, உலகத்தின் சூட்டையே சமன் செய்கிறது என்று லவ்லாக் உட்பட நான்கு பேர் 1987இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கேட்க அழகான கருத்து. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு நேர்க்கோட்டில் அது நடப்பதாகக் காட்டவில்லை. நம்மாட்கள் சிலர் மேடையில் இதை முடிந்த முடிவு மாதிரிப் பேசுகிறார்கள். வேண்டாம் என்பேன்.

சல்பேட் தூள் சராசரியாக ஐந்து நாள் போல மிதந்துவிட்டு மழையோடு இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்று வங்கக்கடலைத் தாண்டி நம்மிடம் வருகிறது. நாகப்பட்டினம் கரையிலிருந்து இங்கே 140 கிலோமீட்டர் போல. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எட்டு மணி நேரப் பயணம். அதனால் கரையோரத்தில் கிளம்பிய வாயு இன்னும் உடைந்துகொண்டே நம் தலைக்கு மேல் வரும். நடுக்கடலில் கிளம்பியது ஏற்கெனவே சல்பேட்டாகி மேகத்துக்குள் இருக்கும். கூடவே கடல் அலையில் தெறித்த உப்புத் தூளும் வரும். அதிலும் சல்பேட் உண்டு. கொள்ளிடம் கொண்டுபோய்க் கொட்டியதில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது. பெரியவர் சொன்னது பொய்யில்லை.

நான் சொன்ன விலக்கு கார்பனைல் சல்ஃபைடு. கந்தக வாயுக்களில் இது மட்டும் கெட்டி. ஹைட்ராக்சிலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆயுள் இரண்டு வருஷம் போல. காற்றில் லட்சம் கோடியில் 500 பங்கு இருக்கிறது. இதை உடைப்பதில் முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? இலைகளுக்கு. கரியமில வாயு என்று நினைத்து இலைத்துளை இதையும் உள்ளே விட்டுவிடும். உள்ளே கரியமில வாயுவைக் கையாளும் அதே நொதி இதை உடைத்துவிடும். உலகத்துப் பயிர் பச்சையெல்லாம் எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று மதிப்பிட விஞ்ஞானிகள் இந்த வாயு காற்றில் குறைவதைப் பார்க்கிறார்கள். இலையிடம் தப்பித்து வெகு உயரம் போய்விட்டதைப் புற ஊதாக் கதிர் உடைக்கிறது. அங்கே சல்பேட் தூள் ஒரு மெல்லிய போர்வையாக உலகத்தைச் சுற்றி நிற்கிறது. அந்தப் போர்வைக்கு இந்த வாயு ஒரு காரணம் என்று 1976இல் சொன்னவர் பால் குரூட்சன். பின்னால் ஓசோன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர்.

நம் வயலிலிருந்து போவது

கடல் மட்டுமா அனுப்புகிறது? நம் நெல்வயலும் அனுப்புகிறது. ஜப்பானில் நெல்வயலில் பெட்டி கவிழ்த்து வாயுவை அளந்தபோது, நெற்பயிர் வழியாகவே டைமெத்தில் சல்ஃபைடு வெளியேறுவதைக் கண்டார்கள். அளவு சின்னதுதான். நாம் கவனிக்க வேண்டியது சேற்றுக்குள் நடப்பது. தண்ணீர் தொடர்ந்து கட்டி நின்றால் மண்ணில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். அப்போது சில பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதில் சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே விடும். நம் செம்மண்ணில் இரும்பு உண்டு என்றேன் அல்லவா, அது இந்த வாயுவைப் பிடித்து இரும்பு சல்ஃபைடாகக் கட்டிவிடும். சேறு கறுப்பாவது அதனால்தான். இரும்பு பத்தாத இடத்திலும், பச்சைத் தழையை ஏராளமாக மிதித்த உடனே நட்ட வயலிலும் வாயு மீந்துபோய் வேரைத் தாக்கும்.

சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். நட்டு முப்பது நாளில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ துரு நிறமாகவோ இருந்தால் நல்லது. கறுத்து, முட்டை வாடை அடித்தால் தண்ணீரை வடித்து மயிர்க்கோடு விழும்வரை காயவிடுங்கள். காற்று உள்ளே போனதும் சல்ஃபைடு மறுபடி சல்பேட்டாகிப் பயிருக்கே கிடைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் வைத்த முறை தண்ணீர்ச் சிக்கனத்துக்கு மட்டும் இல்லை.

பீப்பாயிலும் இதே கதைதான். ஜீவாமிர்தமோ மீன் அமிலமோ கலக்காமல் மூடியே வைத்திருந்து திறந்தால் குப்பென்று அடிக்கிற வாடை கந்தக வாயு. அந்த வாடை அடிக்கும்போது கந்தகம் உங்கள் கணக்கிலிருந்து பணமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் அது ஆகாயத்தில் உடைந்துவிடும், யார் வயலிலோ இறங்கும். தினமும் காலை மாலை கலக்கிவிடச் சொல்வது இதற்காகவும்தான். எருக்குவியலைப் புரட்டிவிடுவதும் அப்படியே.

ஏக்கர் கணக்கு

திருச்சி மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை. ஒரு ஏக்கரில் அது 32 லட்சம் லிட்டருக்கு மேல். லிட்டருக்கு அரை மில்லிகிராம் கந்தகம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், மழைக்கு மழை மாறும், கணக்குக்காகச் சொல்கிறேன். பெருக்கினால் ஏக்கருக்கு ஒன்றரை கிலோ சொச்சம். இரட்டிப்பாக வைத்தாலும் மூன்று கிலோ சொச்சம்தான்.

செலவுப் பக்கம் பாருங்கள். தானியப் பயிர் ஒரு டன் மகசூலுக்கு மூன்று நான்கு கிலோ கந்தகம் எடுக்கும். பயறு வகை எட்டு கிலோ, எண்ணெய் வித்து பன்னிரண்டு கிலோ போல என்பது வேளாண் துறையில் பழகிய கணக்கு. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் என்றால் ஆறிலிருந்து எட்டு கிலோ. அதில் பாதி போல வைக்கோலில் நிற்கிறது. மானாவாரிக் கடலை அரை டன் என்றால் ஆறு கிலோ. மழை தருவது கால் பங்குதான் தாங்கும், நல்ல வருஷத்தில் பாதி.

அப்படியானால் பெரியவரின் அப்பா காலத்தில் எப்படி ஓடியது? மகசூல் குறைவு, எடுத்ததும் குறைவு. கிடை போட்டார்கள், தழை மிதித்தார்கள், வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணியாகத் திரும்பியது. உரம் வாங்கினவர்களும் அமோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட் வாங்கினார்கள். ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் செய்ய ஆரம்பித்தது 1906இல். முதலாவதில் கந்தகம் 24 சதவீதத்தை ஒட்டி, இரண்டாவதில் 11 சதவீதத்தை ஒட்டி. யாரும் கேட்காமலேயே கந்தகம் வயலுக்குப் போனது. யூரியாவும் டிஏபியும் வந்த பிறகு அது நின்றது. இரண்டிலும் கந்தகம் கிடையாது. இன்று விற்கிற கந்தகப் பூச்சு அந்த ஓட்டையை அடைக்க வந்தது.

மழைக் கணக்கில் இன்னொரு வரவும் ஒளிந்திருக்கிறது. நிலக்கரிப் புகை. மனிதர்கள் எரிப்பதில் வரும் சல்பர் டை ஆக்சைடில் உள்ள கந்தகம் கடல் தருவதைவிட அதிகம். 1999இல் வீரபத்ரன் ராமநாதன் முதலானோர் தலைமையில் இந்தியப் பெருங்கடலில் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வில், நம் கடலுக்கு மேல் நின்ற பழுப்பு மூட்டத்தில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது என்று தெரிந்தது. அதில் சல்பேட்டுக்கும் நல்ல பங்கு. ஆகவே நம் மழையில் உள்ள கந்தகம் எல்லாம் கடல்பாசி கொடுத்தது என்று சொல்ல முடியாது. அனல்மின் நிலையங்கள் கந்தகத்தை வடிகட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்தை விலக்கிவிட்டார்கள். நெஞ்சுக்குள் போகும் அந்தத் தூளை உரமாக எண்ணிச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. ஐரோப்பாவில் புகையைக் கட்டுப்படுத்திய பிறகு, 1980களில் வடக்கு ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் கடுகு இனப் பயிரில் கந்தகப் பற்றாக்குறை வெளிப்பட்டது. மஞ்சள் பூ வெளுத்துப்போனது. புகை அதுவரை மண்ணின் குறையை மறைத்திருந்தது. இங்கேயும் ஒருநாள் புகை குறையும், குறைய வேண்டும். அன்றைக்கு நம் மண் தன் காலில் நிற்க வேண்டும்.

யாருக்குக் கவலை, யாருக்கு வேண்டாம்

கிணற்று நீர்ச் சோதனை அறிக்கை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், சல்பேட் என்று ஒரு வரி இருக்கும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் சல்பேட் என்றால் அதில் கந்தகம் 10 மில்லிகிராம். ஒரு போகம் நெல்லுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ந்தால் ஏக்கருக்கு 40 கிலோ கந்தகம். மழை வரவெல்லாம் இதன் முன்னால் சில்லறை. இப்படித் தண்ணீர் உள்ளவர்கள் கந்தகத்துக்காக ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். அவர்களுக்குக் கவலை கறுப்பு வேர்தான்.

கவலைப்பட வேண்டியவர்கள் மேட்டுச் செம்மண்ணில் மானாவாரியாகக் கடலை, எள், உளுந்து போடுகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பயிரில் இளம் இலை முதலில் வெளிறினால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். தழைச்சத்துக் குறைவில் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். கடலைக்கு 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காய் பிடிக்கச் சுண்ணாம்புச் சத்தும் கூடவே கிடைக்கும். வெட்டியெடுத்த ஜிப்சத்துக்கு இயற்கை வேளாண் தரச்சான்றிலும் இடம் உண்டு. உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் பாஸ்போ ஜிப்சம் வேறு. வாங்கும்போது எது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், விற்பதில் எதை விற்கிறோம் என்பது. கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். அது முழுக்கப் புரதத்தோடு புண்ணாக்கில் நின்றுவிடும். எண்ணெயை விற்றால் மண்ணிலிருந்து கந்தகம் போகாது, காற்றிலிருந்து வந்த கரியும் தண்ணீரும்தான் போகும். புண்ணாக்கை விற்றால் வித்தில் இருந்த கந்தகமும் லாரி ஏறிவிடும். வித்தாகவே கமிஷன் மண்டிக்குப் போனாலும் அதுதான். செக்கில் ஆட்டி, எண்ணெயை மட்டும் வெளியே அனுப்பி, புண்ணாக்கை மாட்டுக்கு வைத்து, சாணியையும் மூத்திரத்தையும் நிலத்துக்குத் திருப்புகிற குடும்பத்துக்கு மழை தரும் ஒன்றரை கிலோவே கணிசமான வரவு. வைக்கோலை விற்கிறவர்கள், தாளை எரிக்கிறவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எரித்தால் கந்தகத்தில் நல்ல பங்கு சல்பர் டை ஆக்சைடாகவும் கார்பனைல் சல்ஃபைடாகவும் புகையில் போய்விடும். முதலாவது இரண்டொரு நாளில் எங்காவது இறங்கும். இரண்டாவது கிளம்பினால் இரண்டு வருஷம் உலகம் சுற்றும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கிணற்று நீர் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பியின் கிணற்றில் சல்பேட் எவ்வளவு என்று தெரிந்தால், ஜிப்சம் வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.